‘நெட் போச்சு’ என்றால் எங்கே போச்சு?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



“இந்த நெட் தொல்லைக்கு ஒரு வழி சொல்லுங்க சார்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்டிருப்பார். நான் வேலை பார்த்தது செம்புக் கம்பிக் காலத்தில். இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. ஆனாலும் பழுதைத் தேடுகிற முறை மாறவில்லை.

முதலில் நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இரவு பதினோரு மணி, கரண்ட் இல்லை. அவருடைய வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுகிறது. லேண்ட்லைனை எடுத்தால் டயல் டோன் இல்லை. செல்போனிலும் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. அவர்கள் எப்போதும் வைஃபை வழியாகத்தான் பேசுவார்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் மொட்டை மாடிக்குப் போய் 108க்குப் பேசினார்கள். ஐயா இன்று நலமாக இருக்கிறார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “கரண்ட் போனா லேண்ட்லைனும் போகும்னு யாருமே சொல்லலையே?”

நியாயமான கேள்வி. பழைய செம்புக் கம்பி போனுக்கு வேண்டிய மின்சாரம், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட்டாக அதே கம்பி வழியே வரும். ஊரே இருட்டில் இருந்தாலும் போன் வேலை செய்யும். கண்ணாடி இழையில் வருவது வெறும் ஒளி, மின்சாரம் வராது. ஒளியைப் பேச்சாக மாற்றும் பெட்டி நம் வீட்டு பிளக்கில்தான் ஓடுகிறது. அது அணைந்தால் நெட், லேண்ட்லைன், வைஃபை அழைப்பு மூன்றும் ஒன்றாகப் போகும். அதனால்தான் இதைப் படம் பார்க்க முடியாத தொல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள் என்கிறேன்.

இனி பழுதுக்கு வருவோம். ‘நெட் போச்சு’ என்று மட்டும் சொன்னால் புகார் வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது. எங்கே போச்சு என்று சொல்ல வேண்டும். நெட் நம் கைக்கு வரும் பாதையை நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: போனிலிருந்து பெட்டி வரை உள்ள வைஃபை, பெட்டியும் அதன் மின்சாரமும், பெட்டியிலிருந்து தெரு வரை போகும் இழை, அதற்கு அப்பால் நிறுவனத்தின் பக்கம்.

முதல் துண்டு, வைஃபை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 போல ஒரு முகவரி இருக்கும். நெட் வராதபோது செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அந்த முகவரியை பிரவுசரில் போடுங்கள். பக்கம் சட்டென்று திறந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, பழுது அதற்கு அப்பால். திறக்கவே இல்லை என்றால் பழுது வீட்டுக்குள்ளேயே. பெரும்பாலும் சுவர்தான் காரணமாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே இடத்தில் மோதும். அதில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்து வீட்டார் 6ல் இருந்தால் நீங்கள் 1க்கோ 11க்கோ மாறலாம். பெட்டியை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். இரும்பு பீரோ வைஃபையை மறைக்கும்.

இரண்டாவது துண்டு, பெட்டி. இதில் நானே ஏமாந்தேன். மே மாதத்தில் தினமும் நெட் விட்டுவிட்டு வந்தது. வேகம் போதவில்லை என்று நினைத்து, கூடுதல் பணம் கட்டி பெரிய பிளானுக்கு மாறினேன். ஒரு வீடியோ அழைப்புக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும் என்று தெரிந்தும் மாறினேன். தொல்லை தீரவில்லை. பிறகுதான் பழைய வேலைப் புத்தி வந்தது. ஒரு நோட்டில் நெட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் பத்து நாள் எழுதினேன். எல்லாமே மதியம் இரண்டு முதல் ஐந்துக்குள். மழையோ காற்றோ இல்லை. என் பெட்டி இருந்தது பரணில், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே. கோடையில் வானிலை அறிக்கையில் வேலூரோடு நம் திருத்தணி பெயரும் வருவது உங்களுக்குத் தெரியும். வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது பரணில் இன்னும் கூடுதலாக இருக்கும். வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும் என்றுதான் குறிப்பிட்டு விற்கப்படுகின்றன. பெட்டியைக் கீழே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன், தொல்லை நின்றது. கூடுதலாகக் கட்டிய பணம் போனது போனதுதான்.

மூன்றாவது துண்டு, இழை. பெட்டியில் பி.ஓ.என். என்ற விளக்கும் எல்.ஓ.எஸ். என்ற விளக்கும் இருக்கும். பி.ஓ.என். பச்சையாக நிலையாக எரிந்தால் ஒளி வந்து சேருகிறது. எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை, அல்லது போதவில்லை என்று பொருள். அப்போது பெட்டியைப் பத்து தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. இழையை ஆணியில் இறுக்கிச் சுற்றியிருக்கிறீர்களா, கதவிடுக்கில் நசுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இழை கூர்மையாக மடிந்தால் ஒளி அந்த மடிப்பிலேயே கசிந்துவிடும். கழன்ற இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். காற்றடித்தால் மட்டும் நெட் போகிறது என்று உங்கள் நோட்டு சொன்னால், வெளியே தொங்கும் கேபிளையோ கம்பத்து இணைப்பையோ சந்தேகிக்கலாம். அதை நாம் தொடக்கூடாது, லைன்மேன் வேலை.

நான்காவது துண்டு நிறுவனத்தின் பக்கம். விளக்கெல்லாம் பச்சை, பெட்டியின் பக்கமும் திறக்கிறது, ஆனால் வெளியே எதுவும் வரவில்லை என்றால், முதலில் பிளான் கெடு முடிந்துவிட்டதா பாருங்கள். இல்லையென்றால் புகார் கொடுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் டிராய் விதிப்படி, புகார் எண் கொடுப்பது அவர்கள் கடமை. சேவை நின்றுபோன புகாரை மூன்று நாளில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனி நபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் இந்த வழியில் போவதே நல்லது. “சரியா வரல” என்று எழுதாமல், “இன்ன தேதி, இன்ன நேரம், எல்.ஓ.எஸ். சிவப்பு, இத்தனை நிமிடம்” என்று எழுதுங்கள். ஒரே தெருவில் நான்கு வீட்டு நோட்டுகளில் ஒரே நேரம் இருந்தால், பழுது வீடுகளில் இல்லை, தெருவில் இருக்கிறது. அப்படிப்பட்ட புகாரை சங்கத்தின் பெயரிலேயே அனுப்பலாம்.

“செல்போன் டேட்டா இருக்கே சார்” என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆடிக்கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் வரும் கூட்டத்தில் டவர்கள் திணறும். இன்னொன்று, 1960ல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லை போட்டார்கள். அலைக்கு அந்த எல்லை தெரியாது. ஊர் ஓரத்தில் போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் சிக்னல் கோடு நிறைய இருந்தும் நெட் வராது. அதைப் போட்டு வையுங்கள்.

கடைசியாக, அந்த இரவுக்கு மருந்து. இன்வெர்ட்டர் இருந்தால், நெட் பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லாதவர்கள் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கலாம். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கியதும் ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்து, லேண்ட்லைனில் டோன் வருகிறதா என்று பாருங்கள். பிறகு உண்மையாகவே கரண்ட் போகும்போதும் ஒரு தடவை பாருங்கள். இழை நேரே எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் இணைப்பு என்றால், நடுவில் ஒளியைப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை; உங்கள் பெட்டி எரிந்தால் போதும். சில இணைப்புகளில் கம்பத்துப் பெட்டியிலேயே மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் இருக்கும். தெருவில் கரண்ட் போனால் அதுவும் போகும், உங்கள் யு.பி.எஸ். உதவாது. எது உங்களுடையது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அதோடு, வீட்டில் எந்த இடத்தில் நின்றால் செல்போனில் நேரடி சிக்னல் வருகிறது என்று வைஃபையை அணைத்துப் பார்த்து வையுங்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, இங்கே இருவராகவோ தனியாகவோ இருக்கும் வீடுகள் நம் சங்கத்தில் பல. எதிர்வீட்டு நம்பரையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்கு அந்த ஐயாவுக்கு உதவியது எதிர்வீட்டுக் கதவுதான்.

இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நானும் இளைஞர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறோம். ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்து வையுங்கள்.