பத்து விரல், ஒரு லைசென்ஸ்



நம் ஊரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் காவல் நிலையத்திலிருந்து விசாரணை வரும். முகவரி சரிதானா, வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் நர்ஸாகவோ, பள்ளி ஆசிரியராகவோ, வீட்டுமனைத் தரகராகவோ தொழில் செய்ய விரும்புகிறவரிடம் பல மாநிலங்கள் இன்னொன்றையும் கேட்கின்றன: பத்து விரல்களின் ரேகை. படித்துத் தேர்வில் தேறினாலும், ரேகை கொடுக்காமல் லைசென்ஸ் கைக்கு வராது.

கலிபோர்னியாவில் இதற்கு 'லைவ் ஸ்கேன்' என்று பெயர். மை கிடையாது. விண்ணப்பதாரர் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து, அடையாள அட்டையைக் காட்டுகிறார். எந்த உரிம வாரியத்துக்காக ரேகை எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் குறியீடு அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. பிறகு பணியாளர் அவர் விரலைப் பிடித்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கண்ணாடியின் மேல் மெல்ல உருட்டுகிறார். விரலைத் தளர்வாக விடச் சொல்வார். விண்ணப்பதாரர் தாமாக அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பத்து விரலும் தனித்தனியாக முடிந்ததும், நான்கு விரல்களைச் சேர்த்து ஒரு பதிவு. திரையில் வளைவுகளும் சுழிகளும் தெளிவாகத் தெரிந்தால் பதிவு மாநில நீதித் துறைக்குப் போகிறது. அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் உள்ள எஃப்.பி.ஐ. ஆவண மையத்துக்கு.

இதற்கு அடிப்படை, 1972-இல் இயற்றப்பட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம். எந்தத் தொழிலுக்கு ரேகை வேண்டும் என்று மாநிலம் தனியே சட்டம் இயற்ற வேண்டும். அதை அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஏற்க வேண்டும். அப்போதுதான் எஃப்.பி.ஐ. தன் பதிவேட்டைத் திறந்து காட்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? கலிபோர்னியாவே பதில் சொல்கிறது. அங்கே புதிதாக வரும் நர்ஸ்களிடம் 1990 முதல்தான் ரேகை வாங்கினார்கள். அதற்கு முன் லைசென்ஸ் பெற்றவர்களை யாரும் கேட்கவில்லை. குற்றத் தண்டனை பெற்ற சில நர்ஸ்கள் வாரியத்துக்குத் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருப்பதை 2008-இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழும் 'புரோபப்ளிகா' செய்தி நிறுவனமும் வெளிக்கொண்டுவந்தன. அதன்பின் பழைய நர்ஸ்களும் ரேகை கொடுக்க வேண்டும் என்று விதி மாறியது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளி, மருந்து கொடுப்பவரின் பின்னணியைத் தானே விசாரிக்க முடியாது. அவருக்காக வேறு யாராவது விசாரித்தே ஆக வேண்டும்.

ஆனால் ரேகை சொல்வது ஒன்றைத்தான்: இவர் இன்னார். அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டியது பதிவேடு. சிக்கல் அங்கேதான்.

ஒருவர் கைதானால் போலீஸ் ரேகை எடுத்து அனுப்பிவிடுகிறது. வழக்கு தள்ளுபடியானதா, விடுதலையா, தண்டனையா என்ற முடிவு நீதிமன்றத்திலிருந்து தனியே வந்து சேர வேண்டும். பல இடங்களில் அது வருவதே இல்லை. எஃப்.பி.ஐ.யின் பதிவுகளில் ஏறக்குறைய பாதியில் வழக்கின் முடிவு இல்லை என்று அட்டர்னி ஜெனரலின் 2006-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. வேலைக்காகவும் லைசென்ஸுக்காகவும் 2012-இல் எஃப்.பி.ஐ. நடத்திய சரிபார்ப்புகள் சுமார் 1.7 கோடி. இத்தகைய அரைகுறைப் பதிவுகளால் ஆண்டுக்கு 6 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம் என்று தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று 2013-இல் மதிப்பிட்டது. இருபது வயதில் கைதாகி, மறு மாதமே வழக்கு தள்ளுபடியான ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாற்பது வயதில் லைசென்ஸ் கேட்டு நிற்கும்போது, வாரியத்தின் மேசையில் கைதானது மட்டும் இருக்கிறது. தள்ளுபடியானது இல்லை.

சட்டம் அவரைக் கைவிடவில்லை. பதிவில் தவறோ விடுபடுதலோ இருந்தால் திருத்த வாய்ப்பு தர வேண்டும், அதற்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2020 ஜூலை முதல் அங்கே பெரும்பாலான வாரியங்கள், தண்டனையில் முடியாத கைதைக் காரணம் காட்டி லைசென்ஸை மறுக்க முடியாது. கடுமையான குற்றங்கள் நீங்கலாக, ஏழு ஆண்டுக்கு முந்தைய தண்டனையையும் காரணமாகக் காட்ட முடியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு சட்டமும் வந்தது. கலிபோர்னியாவில் சிறைக்கைதிகள் பயிற்சி பெற்றுக் காட்டுத்தீயை அணைக்கப் போவது நெடுநாள் வழக்கம். ஆனால் விடுதலையான பிறகு தீயணைப்புத் துறையில் சேரப் பெரும்பாலும் அவசர மருத்துவ உதவியாளர் சான்று வேண்டும். பழைய தண்டனை அதைத் தடுத்தது. அரசுக்காக நெருப்பில் நின்றவருக்கு அதே வேலை இல்லை என்றானது. தீயணைப்பு முகாமில் நன்றாகப் பணியாற்றியவர்கள் தண்டனைப் பதிவை நீக்கக் கோரி நீதிமன்றத்தை நாடலாம் என்று புதிய சட்டம் வழி திறந்தது.

ரேகையே கிடைக்காத விரல்களும் உண்டு. செங்கல்லும் சிமெண்டும் தேய்த்த விரல், ஓயாமல் கழுவிக் காய்ந்த விரல், வயதில் மழுங்கிய விரல். கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு ரேகையையே அழித்துவிடும். தரம் போதவில்லை என்று பதிவு இரண்டு முறை திரும்பிவிட்டால், பெயரை வைத்துத் தேடும்படி எஃப்.பி.ஐ.யிடம் கேட்கலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படும் செய்தி. இந்தியாவிலிருந்து அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களுக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர், லைவ் ஸ்கேன் வசதி இல்லாததால், மையில் தோய்த்த ரேகைகளை அட்டையில் பதித்து அனுப்புகிறார்கள். பல மாநிலங்களில் செல்லுபடியாகும் கூட்டு லைசென்ஸுக்கு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தமும் ரேகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அங்கே ஏற்கெனவே வசித்து, ஏதோ ஒரு வழக்கில் பெயர் அடிபட்டவர்கள் வாரியத்திடம் போவதற்கு முன்பே தங்கள் பதிவை வாங்கிப் பார்ப்பது நல்லது. 18 டாலர் கட்டி, ரேகையை அனுப்பினால் எஃப்.பி.ஐ. அதன் நகலைத் தரும். வழக்கின் முடிவு அதில் விடுபட்டிருந்தால், நீதிமன்றத்தில் சான்றிட்ட தீர்ப்பு நகலை இணைத்துத் திருத்தக் கோரலாம். அந்தக் கோரிக்கைக்குக் கட்டணம் கிடையாது.