மேற்குச் சுவருக்கு நிழல்



மட்டக்களப்பில் உச்சி வெயில் கூரையில் விழும். தாழ்வாரம் சுவரைக் காக்கும். பிற்பகல் வெயிலோ சரிந்து, தாழ்வாரத்துக்குக் கீழால் வந்து மேற்குச் சுவரைச் சுடும். சுவர் அந்தச் சூட்டை இரவில் உள்ளே விடும். கச்சான் காலத்தில் விடுதிப் பிள்ளைகள் தூக்கமின்றித் தலையிடியோடு எழும்புவது இதனாலும்தான்.

அந்த வெயிலை மறிக்க வல்லது வீதியோர மரம். 1978 நவம்பர் 23 சூறாவளி இங்கே மரங்களை அடியோடு சாய்த்தது. நம் பெற்றோர் மீண்டும் நட்டார்கள். இன்று வீதி அகலிப்புக்கும் மின்கம்பிக்கும் அவை தறிபடுகின்றன.

நூற்றாண்டு நினைவாக, விடுதியின் மேற்கு வீதியோரம் வேம்பும் பூவரசும் நடுவோம். கீழ்க்கிளைகளை முற்றாகத் தறிக்க விடோம். தறித்தால் மாலை வெயில் அடியால் நுழையும். முதல் மூன்று கச்சானுக்கும் தண்ணீர் ஊற்றுவது நம் பொறுப்பு.