'டன்' என்றால் முடிந்ததா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம்ம உத்தனப்பள்ளியில் ஒரு வேலை முடிந்தால் தமிழ்க்காரர் 'ஆச்சு' என்பார், கன்னடக்காரர் 'ஆய்த்து' என்பார், தெலுங்குக்காரர் 'அயிபோயிந்தி' என்பார். பேச்சுக்கு அது போதும். ஆனால் ரெஜிஸ்டரிலும் மெயிலிலும் நாம் எழுதுவது ஆங்கிலம். சிக்கலே அங்கேதான்.

போன மாதம் லிஃப்ட் பழுதானது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ரெஜிஸ்டரில் 'அட்டெண்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நம்பி வாட்ஸ்அப் குழுவில் 'டன்' என்று போட்டவன் நான்தான். மறுநாள் காலை மூன்றாவது மாடி அம்மா இருபது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார்.

'அட்டெண்டட்' என்றால் வந்து கவனித்தேன் என்று மட்டும்தான் பொருள். பழுது நீங்கியிருந்தால் 'ரெக்டிஃபைடு'. வேலை முழுதும் முடிந்திருந்தால் 'கம்ப்ளீட்டட்'. வங்கியில் நான் லெட்ஜரில் எழுதினால் அது 'போஸ்டட்'. அதிகாரி சரிபார்த்த பிறகுதான் 'செக்டு'. அந்த வித்தியாசத்திலேயே காலம் தள்ளியவன், இங்கே சறுக்கிவிட்டேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

'டன்', 'ஓவர்' எல்லாம் வீட்டிலும் நண்பர்களிடமும் சொல்லலாம். கடிதம் என்றால் வேலைக்கு 'கம்ப்ளீட்டட்', கூட்டத்துக்கு 'கன்க்ளூடட்', கணக்குக்கு 'செட்டில்டு', கடனுக்கு 'க்ளோஸ்டு'.

இன்டர்வியூவுக்கு ஓசூர் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. 'ஐ ஹேவ் ஃபினிஷ்டு' என்றால் முடித்துவிட்டேன். 'ஐ ஆம் ஃபினிஷ்டு' என்றும் பேச்சில் சொல்வார்கள்; ஆனால் அதற்கு 'நான் தொலைந்தேன்' என்றும் அர்த்தம் உண்டு. 'ஐ ஆம் டன் வித் இட்' என்பது 'போதும்டா சாமி' என்கிற மாதிரியும் கேட்கும். முதல் வாக்கியமே பாதுகாப்பு.

இங்கே பலருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் 'முடிஞ்சிடுச்சு' என்று இருந்துவிடாதீர்கள். கணக்கு 'க்ளோஸ்டு' என்றும், பாக்கி இல்லை என்றும் எழுத்தில் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 13-9-2023 அன்று பிறப்பித்த உத்தரவு, 1-12-2023 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரம் கைக்கு வந்தால்தான் உண்மையில் 'ஆச்சு'.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இனி நம் ரெஜிஸ்டரில் யார் வந்தார், என்ன முடிந்தது, எது பாக்கி, யார் சரிபார்த்தார் என்று நான்கு கட்டம் போடுவோம். நாலும் நிரம்பாமல் பில்லுக்குச் செக் எழுத வேண்டாம். குழுவிலும் 'டன்' போட வேண்டாம்.

என் பேச்சு முடிந்தது. இதை 'கன்க்ளூடட்' என்றே எழுதிக்கொள்ளலாம்.