ஏலாக்குறிச்சி முற்றத்தில் லாவெண்டர்

லாவெண்டர் செடி என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மூணு வாங்கினேன். ரெண்டு போச்சு.

சென்னையில என் ரூம்ல பால்கனி கிடையாது. அதனால ஏலாக்குறிச்சியில அப்பாயி வீட்டு முற்றத்துல வெச்சுட்டு வந்துட்டேன். அப்பாயி மல்லிகைக்கு ஊத்துற மாதிரியே காலையிலயும் சாயந்திரமும் தண்ணி ஊத்துச்சு. அடி இலையெல்லாம் பழுப்பாச்சு. வாடுதுன்னு நெனச்சு இன்னும் ஊத்துச்சு. பிடுங்கிப் பார்த்தா வேர் கருத்து அழுகிக் கிடக்கு. "என் கையால செத்துப்போச்சேப்பா"ன்னு அப்பாயி ரெண்டு நாள் சரியாவே பேசல. தப்பு என்னோடது. டாக்குமென்டேஷன் இல்லாம கோடு கொடுத்தா ஆபீஸ்ல எவ்வளவு கத்துவேன்! அப்பாயிகிட்ட ஒரு வரி சொல்லல.

லாவெண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. அதுக்குக் காய்ஞ்ச மண், நல்ல வெயில், ஈரம் குறைஞ்ச காத்து வேணும். இந்தியாவுல பெரிய அளவுல விளையுறது ஜம்முவுல பதேர்வா பக்கம், குளிரான மலைப்பகுதி. சி.எஸ்.ஐ.ஆர். அரோமா மிஷன் மூலமா அங்க விவசாயிகளுக்கு நாத்து கொடுத்தாங்க.

வேடிக்கை என்னன்னா, அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகள் இங்க வந்ததே அதனாலதான். லாவெண்டருக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள மண் பிடிக்கும். ஆனா கொள்ளிடக் கரைப் புழுக்கமும் ஐப்பசி மழையும் பிடிக்காதே! வீரமாமுனிவரும் இத்தாலியில இருந்து வந்தவர்தான். அவருக்கு ஏலாக்குறிச்சி ஒத்துக்கிச்சு, செடிக்கு ஒத்துக்கல.

செத்த ரெண்டும் இங்கிலீஷ் லாவெண்டர். பிழைச்சது பிரெஞ்சு வகை, இலை ஓரம் பல்லு பல்லா இருக்கும். சூட்டையும் புழுக்கத்தையும் இது கொஞ்சம் கூடுதலா தாங்கும். அதை மண்தொட்டிக்கு மாத்தினேன். பாதி ஆத்து மணல், பாதி தோட்ட மண், அடியில ஜல்லி. உரம் அதிகம் போடாதீங்க, இலைதான் மண்டும், பூ வராது. விரலை ரெண்டு இஞ்ச் விட்டுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி, அதுவும் இலையில படாம அடியில. காலை வெயில் போதும், சித்திரை மதியத்துல நிழல் கொடுங்க. மழைக்காலத்துல தொட்டியைத் தாழ்வாரத்துக்குள்ள இழுத்துடணும், ஆனா காத்தோட்டம் இருக்கணும். பூ முடிஞ்சதும் பச்சைத் தண்டு வரைக்கும் வெட்டலாம். கட்டையான அடிப்பாகத்துல கை வெக்காதீங்க, திரும்பத் துளிர்க்கறது கஷ்டம்.

இப்ப அப்பாயி விரலை விட்டுப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணும். இன்னும் பூக்கல. போன வாரம் இலையைக் கசக்கி மோந்துட்டு, "இதுக்கா இவ்ளோ பாடு? மரிக்கொழுந்து வெச்சிருந்தா இந்நேரம் கட்டித் தலையில வெச்சிருப்பேன்"னுச்சு.