நந்தன் எரியும்வரை அழுகிறவர்கள்

(சிதம்பரத்தில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கடலூரில் ஒரு மாடி அறையில் நாடகம் பார்த்தேன். அறுபது நாற்காலி போட்டால் நிறைந்துவிடுகிற அறை. நண்பர்கள் சிலர் நந்தன் கதையை ராக் இசை நாடகமாக்கியிருந்தார்கள். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், மேடையின் நடுவில் இரண்டு பறை. வசனம் குறைவு, கதையை நகர்த்துவது பாட்டுதான். நந்தன் கதையின் மேடை வடிவங்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மேடையைப் பார்க்கிற நேரத்தைவிட, பார்க்கிறவர்களைப் பார்க்கிற நேரம் அதிகம். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்த நாடகத்தின் முடிவு வழக்கமானது இல்லை. தீ மூட்டப்படுகிறது. நந்தன் அதன் முன் நிற்கிறான். இறங்குவதில்லை. இசை நின்றுவிடுகிறது. "இந்த நெருப்பை மூட்டியது யார்?" என்று பார்வையாளர்களைப் பார்த்துக் கேட்கிறான். விளக்கு அணைகிறது.

முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசினோம். கல்லூரித் தம்பி ஒருவர், "செம. பறையும் டிரம்ஸும் சேர்ந்தப்ப உட்கார முடியல" என்றார். இன்னொருவர், "சத்தம் ஜாஸ்தி, வார்த்தையே புரியல" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து மிகுந்த அன்போடு சொன்னார்: "தம்பிகளா, பழைய படத்துல தண்டபாணி தேசிகர் பாடறப்ப எனக்குக் கண்ணீர் வரும். இதுல வரலியே." கடைசியாக, பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா பேசினார். அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

இதே நாடகத்தை இங்கே சிதம்பரத்தில் போடுவதற்கு இடம் கேட்டபோது கிடைத்த பதில்: "போடுங்க, ஆனா முடிவை மட்டும் பழையபடி மாத்திக்குங்க." நண்பர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றலாமா? அந்தக் கேள்விக்கு என்னுடைய பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில், இந்தக் கதை எத்தனை முறை மாற்றப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். சுந்தரர் பெயரை மட்டும் சொன்னதைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் கதையாக விரித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார். இதைக் கவனியுங்கள். உள்ளே ஒலிக்கிற தோல் இவர் கொடுத்தது, உள்ளே மீட்டுகிற நரம்பு இவர் கொடுத்தது. இவர் மட்டும் வெளியே. தில்லையில் தெற்கு வாயிலுக்கு வெளியே தீ வளர்க்கிறார்கள். இறங்கியவர் பூணூல் அணிந்த முனிவராக எழுந்து உள்ளே போகிறார். அதாவது நந்தன் உள்ளே போகவில்லை. நந்தன் இல்லாமல் போன பிறகுதான் கதவு திறக்கிறது.

சேக்கிழாரில் பண்ணையார் இல்லை. அவரைக் கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பிராமணர். சிதம்பரம் போக விடுப்பு கேட்கிற பண்ணையாள், மறுக்கிற வேதியர் என்று அவர் கதையை வயலுக்குள் இறக்கினார். நொண்டிச் சிந்து முதலிய எளிய மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தின் வெகுமக்கள் இசை நாடகம் என்று அதைச் சொன்னால் தப்பில்லை. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனார் பாரதியார். இலக்கணப் பிழை இருக்கிறது என்று பிள்ளை இழுத்தடித்தார், பாரதியார் பலமுறை நடந்தார். கடைசியில் அவர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனம் கரைந்து பிள்ளை எழுதிக் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில், ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் அது அச்சேறியது.

'இலக்கணம் சரியில்லை', 'சத்தம் ஜாஸ்தி'. இரண்டுக்கும் நடுவில் நூற்றைம்பது வருடம் இருக்கிறது. ஒலி புதிதாக இருந்தால் முதலில் வருகிற பதில் இதுதான். அதற்காக யாரும் கோபப்பட வேண்டியதில்லை. வார்த்தை புரியவில்லை என்றால் மைக்கைச் சரிசெய்யலாம். அது தொழில்நுட்பப் பிரச்சினை.

ஆசிரியர் சொன்ன கண்ணீர் அப்படியில்லை. அதை நின்று பார்க்க வேண்டும்.

1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். ஒரு லட்ச ரூபாய் ஊதியம் என்பது அன்றைக்குப் பெரிய பேச்சு. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. நந்தனாக நடித்த தேசிகர் பின்னாளில் இங்கேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். ஊர் ஊராக மக்கள் அழுதார்கள். அழுதவர்களில் பண்ணை வைத்திருந்தவர்களும் உண்டுதானே? அரங்கில் நந்தனுக்காக அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறத்தில் நிற்கிற பண்ணையாளுக்குக் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றுவதில் அவர்களுக்கு எந்தத் தடுமாற்றமும் இருந்திருக்காது. ஏனென்றால் அந்தக் கதையில் நந்தன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கெஞ்சுகிறான், காத்திருக்கிறான், எரிகிறான். எரிந்தவனுக்காக அழுவதில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூடக் குறைவதில்லை.

ஆனால் அதே படத்துக்கு இன்னொரு எதிர்வினையும் இருந்தது. கோலார் தங்கவயல். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்குப் போன ஒடுக்கப்பட்ட மக்களின் ஊர். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை வாசித்த, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பௌத்த சங்கம் கண்ட ஊர். படத்தைப் பார்த்த தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்று சினிமா வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் ஆள் தீக்குளித்துத்தான் தன்னைத் தூயவன் என்று காட்ட வேண்டுமா என்பது அவர்கள் எதிர்ப்பின் சாரம். வாசன் தீக்காட்சியை எடுத்துவிட்டு முடிவை மாற்றிக் கொடுத்தார் என்கிறது அந்தப் பதிவு. நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அழுதுகொண்டிருந்தபோது, சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் அழ மறுத்தார்கள்.

அழ மறுப்பது ஒன்றும் நந்தனை மறுப்பது ஆகாது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர் யார்?' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவருக்கும்தான் காணிக்கையாக்கினார். அயோத்திதாசர் நந்தனைச் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட அரசனாக எழுதினார். இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அங்கே நந்தன் என்பது எரிந்தவன் பெயரில்லை, சிலேட்டு பிடித்தவன் பெயர். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் அந்தத் தீயைச் சதியாகவே மேடையேற்றியது. ஆக, முடிவை மாற்றுவது புதிதல்ல. யார் சொல்லி, யாருக்காக மாற்றுகிறோம் என்பதுதான் விஷயம்.

ராக்கும் நந்தனும் எப்படிச் சேரும் என்று அன்றைக்கு ஒருவர் கேட்டார். ராக் இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ். ராக் இசை நாடகமும் பெரிய அரங்கில் பிறக்கவில்லை. 'ஹேர்' 1967இல் நியூயார்க்கில் பிராட்வேக்கு வெளியே இருந்த ஒரு சிறிய அரங்கில் தொடங்கியது. 1971இல் 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' பிராட்வேக்கு வந்தபோது வாசலில் பதாகையோடு எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். சாமி கதையை கிட்டாரில் பாடினால் வாசலில் ஆள் நிற்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

நம் ஊரில் 2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். 'சாதிபேதமற்ற' என்ற அயோத்திதாசரின் சொல்லாட்சியிலிருந்து எடுத்த பெயர். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். கூட்டம் ஆடியது. அந்தக் குழுவில் இசைவாணி, பெண்ணுக்கு ஏன் சன்னதிக்குள் இடமில்லை என்று ஐயப்பனையே கேட்கிற ஒரு பாட்டைப் பாடினார். பாடிச் சில வருடங்கள் ஆன பிறகு, 2024 நவம்பரில் அந்தப் பாட்டைத் தோண்டி எடுத்துப் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். அவருக்கு ஆபாச வசையும் மிரட்டலும் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரதியாரின் நந்தனும் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்றுதான் கேட்கிறான். அந்தப் பாட்டைச் சபாக்களில் எத்தனையோ பேர் பாடியாகிவிட்டது, யாருக்கும் கோபம் வரவில்லை. இசைவாணி கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். வித்தியாசம் என்ன? நந்தன் அனுமதி கேட்கிறான், இசைவாணி காரணம் கேட்டார். நந்தன் கதை முடிவில் எரிந்துபோகிறான், இசைவாணி பாட்டு முடிந்ததும் மைக்கோடு அங்கேயே நின்றார். இந்த ஊரிலேயே தில்லைக் கோயில் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட சிவனடியார் ஆறுமுகசாமிக்கு 2008இல் அரசாணையும் போலீஸ் பாதுகாப்பும் தேவைப்பட்டது. பாட்டு அதே தேவாரம்தான். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் சிக்கல்.

ஆகவே, "பழைய முடிவை வையுங்கள்" என்கிறவர்களை நான் பக்தர்கள் என்று நினைக்கவில்லை. கண்ணீர் வேண்டும், கேள்வி வேண்டாம் என்கிறார்கள். இளைஞர்களைக் கோபப்படுத்த வேண்டாமே, ஊர் அமைதி முக்கியமல்லவா என்று நல்லெண்ணத்தோடும் சிலர் சொல்வார்கள். இடம் கிடைக்காமல் போகலாம், நடிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு வரலாம் என்ற அச்சத்தை நான் சிறிதாக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பு நம் பொறுப்பு. ஆனால் அமைதியின் விலையாக ஒவ்வொரு முறையும் நந்தனையே தீயில் இறக்குவது என்ன நியாயம்?

இப்போது அந்த அம்மா சொன்னதற்கு வருகிறேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரர் பறையடித்தவர், இப்போது இல்லை. அவர் சொன்னார்: "நெருப்ப மூட்டுனது யாருன்னு கேக்குறீங்க. சரிதான் சாமி. அந்த வெறகப் பொளந்தது யாருன்னு கேக்கலயே? எங்க மாமனாரு ஊர்க்காரங்களுக்கு வெறகு பொளந்தாரு. பொணத்துக்கும் பொளந்தாரு, பொங்கலுக்கும் பொளந்தாரு. நந்தன எரிக்கவும் நம்மாளுதான பொளந்திருப்பான்? பாவம், அவனுக்கு எதுக்குன்னே தெரிஞ்சிருக்காது."

அறை அமைதியாகிவிட்டது. எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. தோல் கொடுத்தவன் நந்தன், நரம்பு கொடுத்தவன் நந்தன் என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். விறகை மறந்துவிட்டேன். மேளமும் நம் உழைப்பு, யாழும் நம் உழைப்பு, நம்மை எரித்த நெருப்பும் நம் உழைப்பு. அதை மேடைக்குத் தெரியவைத்தது ஒரு பார்வையாளர்.

நண்பர்களுக்கு என் யோசனை இதுதான். முடிவை மாற்றுங்கள். அவர்கள் சொன்னபடி அல்ல, அந்த அம்மா சொன்னபடி. தீயின் முன் நிற்கிற நந்தனுக்குப் பக்கத்தில் விறகு பிளந்தவனும் கோடாலியோடு வந்து நிற்கட்டும். அவனுக்கும் ஒரு பாட்டு கொடுங்கள். மண்டபம் கிடைக்காவிட்டால் மொட்டைமாடி இருக்கிறது, சேரித் திடல் இருக்கிறது. அங்கே அறுபது நாற்காலிகூட வேண்டாம்.

அந்தப் பாட்டை இன்னும் யாரும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கடலூரில் ஒத்திகை. அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள். பிடித்தால் ஆடுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து நின்று ஏன் என்று சொல்லுங்கள்.