வீட்டுத் தரகரும் நம் முன்பணமும்

(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். ஆகவே, வெளியே சொந்த வீடு தேடுகிறோம். தரகர் வருகிறார், இனிக்கப் பேசுகிறார். அவரை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டை விற்பவரே! நூற்றுக்கு 3க்கு மேற்படாத தரகு. வீடு 200,000 வெள்ளி என்றால் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். விலை ஏறினால் தரகும் ஏறும். இதை நாம் மறக்கலாகாது.

சென்ற ஆண்டு நம் தோழர் ஒருவர், தரகர் என்று சொல்லி வந்தவர் கையில் 4,000 வெள்ளி முன்பணம் கொடுத்தார். ரசீது இல்லை. இன்று வீடும் இல்லை, பணமும் இல்லை. பால் வெட்டிச் சேர்த்த காசு! கணக்கெழுதும் கிராணிகளாகிய நாங்கள் அருகிலிருந்தும் விசாரிக்கத் தவறினோம். அந்தத் தவறு இனி வேண்டாம்.

1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தரகர்களைப் பதிவு செய்ய வாரியம் இருக்கிறது. தரகரின் அடையாள அட்டை எண்ணைக் குறித்து, வாரியத்தில் விசாரியுங்கள். முன்பணத்தை அவர் கையில் கொடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். நில அலுவலகத்தில் பட்டாவைப் பாருங்கள்: உரிமையாளர் யார், அடமானம் உண்டா, குத்தகை எத்தனை ஆண்டு, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது தெரியும். நமக்கென்று தனி வழக்கறிஞரை வையுங்கள்.

கையெழுத்திடுமுன் தாளை எங்களிடம் கொண்டு வாருங்கள். உடனிருந்து படித்துச் சொல்வோம்.