உலையான உருளை

அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் கறி சுடுகிற அடுப்புக்கென்று, 9 கிலோ வாயு பிடிக்கும் புரொப்பேன் சிலிண்டர் வைத்திருப்பார்கள். செய்து 12 வருடம் ஆகிவிட்டால், மறுபரிசோதனை இல்லாமல் அதில் வாயு நிரப்ப மாட்டார்கள். அப்படி ஓரங்கட்டியதைத்தான் அங்கே பொழுதுபோக்குக்காகக் கொல்லுவேலை செய்கிறவர்கள் தேடி எடுக்கிறார்கள். அடிப்பக்கத்தை வெட்டி, படுக்கப்போட்டு, உள்ளே பீங்கான் நார்ப் போர்வையைச் சுற்றி, மேலே ஒரு பர்னரைச் செருகினால் இரும்பு காய்ச்சும் உலை தயார். வேடிக்கை என்னவென்றால், அந்த உலை எரிவதும் இன்னொரு சிலிண்டர் புரொப்பேனில்தான்!

வெட்டுவதற்கு முன்னால்தான் விஷயமே இருக்கிறது. காலி சிலிண்டர் காலி இல்லை. புரொப்பேன் காற்றைவிடக் கனம். உள்ளேயே தங்கிக் கிடக்கும். ஒரு பொறி போதும். அதனால் திறந்தவெளியில் வால்வைக் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி வாயுவை வெளியே தள்ளுவார்கள். அதற்குப் பிறகும் நாற்றம் லேசில் போகாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று சேர்த்த மெர்காப்டன், இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

உடனே உங்கள் சமையலறைப் பக்கம் பார்த்துவிடாதீர்கள். நம்ம வீட்டுச் சிவப்பு சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் கட்டியது டெபாசிட் மட்டும்தான்.